பத்துக் கோட்டு வண்டு: எண்ணத் தெரிந்தவருக்கே பிடிபடும்!

ஒரு வண்டின் முதுகில் எத்தனை கோடு என்று என்றாவது எண்ணியதுண்டா? காலில் எத்தனை கணு? கொம்பில் எத்தனை துண்டு? இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள்! இப்படி நுணுக்கமாகப் பார்க்காமல் அறிவியலாளர்களே பல ஆண்டுகள் ஏமாந்திருக்கிறார்கள். ஏமாற்றியது யார்? 'லெப்டினோடார்சா' என்ற இலை வண்டுப் பேரினம்! விரல் நகத்தளவு உடம்பு. அதற்குள் எத்தனை விந்தைகள்! ஒவ்வொன்றாக எண்ணுவோமா?

பறவைகளைவிட மூன்று மடங்கு!

உலகில் பெயர் சூட்டப்பட்ட வண்டினங்கள் மட்டும் சுமார் 4 லட்சம் என்பது தெரியுமா? அதில் இலை வண்டுக் குடும்பத்தில் மட்டும் 35,000-க்கும் மேல்! உலகத்துப் பறவையினங்களை எல்லாம் கூட்டினாலும் சுமார் 11,000-தான். குயில், கழுகு, மயில், பெங்குவின் எல்லாம் சேர்ந்தும் இலை வண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடாகவில்லை!

வண்டுக்கும் முகவரி உண்டு!

நமக்கு மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, கதவு எண் இருப்பது போல வண்டுக்கும் முகவரி இருக்கிறது, தெரியுமா? மாநிலம்: 'கோலியோப்டெரா' என்னும் வண்டு வரிசை. மாவட்டம்: 'கிரைசோமெலிடே' என்னும் இலை வண்டுக் குடும்பம். ஊர்: 'கிரைசோமெலினே' துணைக்குடும்பம். தெரு: 'டோரிஃபோரினி' குலம். வீடு: 'லெப்டினோடார்சா' பேரினம். அந்த ஒரே வீட்டுக்குள் சுமார் 40 சிற்றினங்கள்! கூட்டுக் குடும்பம் என்றால் இதுதான்! பெரும்பாலானவை மெக்சிகோவிலும், அமெரிக்காவின் தென்மேற்கிலும், மத்திய அமெரிக்காவிலும் வாழ்கின்றன.

பயறு டப்பாவுக்குள் ஒரு பங்காளி!

பச்சைப்பயறு டப்பாவைத் திறந்தால் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருமே ஒரு குட்டி வண்டு? அதுவும் இந்தக் குடும்பந்தான்! நம்ப முடிகிறதா? இலையைத் தின்னாமல் விதையைத் தின்றாலும், பயறு வண்டுகள் இலை வண்டுக் குடும்பத்தின் ஒரு துணைக்குடும்பம் என்றே இன்று வகைப்படுத்துகிறார்கள். ஆனால் அரிசி வண்டு? அது இல்லை! அதன் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். யானைத் தும்பிக்கை மாதிரி நீண்ட மூக்கு இருக்கும். அது கூன்வண்டுக் கூட்டம். அடுத்தடுத்த டப்பாவில் இருந்தாலும் வீடு வேறு, வாசல் வேறு! பூசணிக் கொடியைச் சல்லடையாக்கும் சிவப்புப் பூசணி வண்டு, முதுகெல்லாம் முள் முளைத்த நெல் முள் வண்டு, இவை இரண்டும் இலை வண்டுகளே!

பெயருக்கே கால் முளைத்திருக்கிறது!

'லெப்டினோடார்சா' என்றால் என்ன பொருள் தெரியுமா? மெல்லிய பாதம்! கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. முதுகில் அத்தனை அழகான கோடுகள் இருக்க, பெயர் வைத்தவர் கண் போனதோ பாதத்தின் மேல்! ஏன்? வண்டுகளை வகைப்படுத்துவதில் பாதம் அப்படி ஒரு துப்பு!

நாலு என்று எண்ணினீர்களா? ஐந்து!

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து இலை வண்டின் பாதத்தை எண்ணுங்கள். நான்கு கணுக்கள் தெரியும். சரிதானே? தப்பு! உண்மையில் ஐந்து! நான்காவது கணு மிகச் சிறியது. மூன்றாவது கணு இரண்டாகப் பிளந்த இதயம் போல இருக்கும். அந்தப் பிளவுக்குள் நான்காவது கணு பதுங்கிக்கொள்ளும்! நீளக்கொம்பு வண்டுகளும் கூன்வண்டுகளும் இதே கண்கட்டு வித்தையைக் காட்டும். மூன்றும் நெருங்கிய சொந்தம் என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

பொறிவண்டா? பாதத்தைப் பார்!

வட்ட உடம்பு, மேடான முதுகு, பளிச்சென்ற நிறம். லெப்டினோடார்சாவைப் பார்த்ததும் 'அட, பொறிவண்டு!' என்பவர்கள் ஏராளம். எப்படிப் பிரிப்பது? மறுபடியும் எண்ணுங்கள்! பொறிவண்டின் பாதத்தில் மூன்று கணுக்கள்தான் தெரியும். உண்மையில் நான்கு! அங்கேயும் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது! பொறிவண்டு மூன்று காட்டி நான்கு வைத்திருக்கும். இலை வண்டு நான்கு காட்டி ஐந்து வைத்திருக்கும். இரண்டுமே கணக்கில் பொய் சொல்லும் ஆசாமிகள்!

கொம்பில் 11 மணிகள்!

லெப்டினோடார்சாவின் உணர்கொம்பு 11 துண்டுகளைக் கோத்த மணிமாலை மாதிரி இருக்கும். நுனியை நோக்கிப் போகப்போகக் கொஞ்சம் பருக்கும். நீளம்? உடம்பில் பாதிகூட வராது! நீளக்கொம்பு வண்டுகளில் பலவற்றுக்குக் கொம்பு உடம்பைவிட நீளம். 'எங்கள் கொம்பு குட்டை' என்பதே இலை வண்டின் அடையாளச் சீட்டு!

ஈட்டி இல்லாத ஈட்டிக்காரன்!

1824-இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் தாமஸ் சே, பத்துக் கோட்டு வண்டுக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டினார். எந்தப் பேரினத்தில் சேர்த்தார் தெரியுமா? 'டோரிஃபோரா'வில்! அப்படியென்றால் ஈட்டி ஏந்தியவன் என்று பொருள். அந்தப் பேரினத்து வண்டுகளுக்கு மார்பின் அடியில் முன்னோக்கி நீட்டிய ஒரு கூர்முனை உண்டு. நம் வண்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஈட்டியே கிடையாது! பிறகு 1865-இல் சுவீடன் நாட்டுக் கார்ல் ஸ்டோல் அதை லெப்டினோடார்சாவுக்கு மாற்றினார். தவறான வீட்டில் குடியிருந்தது எத்தனை ஆண்டு? 41!

பத்துக் கோடு, பத்து மில்லிமீட்டர்!

பேரினத்தின் பெரும்புள்ளி யார்? 'லெப்டினோடார்சா டெசெம்லினியேட்டா'. ஊர்ப்பெயர் கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு. 'டெசெம்லினியேட்டா' என்றால் பத்துக் கோடு! கெட்டியான முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஐந்து கருங்கோடுகள், ஆக மொத்தம் பத்து. உடம்பின் நீளம் சுமார் 10 மில்லிமீட்டர். பத்துக்குப் பத்து! இறக்கை வெளிர் மஞ்சள். தலையும் அதை அடுத்த கழுத்துப் பட்டையும் ஆரஞ்சு கலந்த பழுப்பு. பட்டை மேல் கறுப்புப் புள்ளிகள். நடுவில் இருக்கும் குறிகளைப் பாருங்கள், ஆங்கில 'வி' எழுத்தை மை தொட்டு எழுதியது போல இருக்கும்!

ஒரே ஆண்டு, இரண்டு பெயர்சூட்டு விழா!

தாமஸ் சே பெயர் சூட்டிய அதே 1824-இல், ஜெர்மனியின் கெர்மார் இதே போன்ற கோட்டு வண்டு ஒன்றுக்கு 'ஜங்க்டா' என்று பெயர் வைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அசல் இரட்டைப் பிள்ளைகள்! பல ஆண்டுகள் ஆட்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். ஆனால் ஒன்று உருளைச் செடியை மொட்டையடிக்கும் பரம எதிரி. மற்றது காட்டுக் கத்திரிச் செடியைத் தின்றுவிட்டுப் பேசாமல் போகும் சாது! ஜங்க்டாவுக்கு இன்று 'போலி உருளைக்கிழங்கு வண்டு' என்றே பெயர். சாதுவுக்குப் போய் போலிப் பட்டம்!

ஆறு வித்தியாசம் வேண்டாம், மூன்று போதும்!

இரட்டையர்களைப் பிரிக்கத் தயாரா?

ஒன்று: கோட்டின் ஓரத்துக் குழிகளைப் பாருங்கள். ஜங்க்டாவுக்கு அளவுகோல் வைத்துக் குத்தியது போல வரிசையாக இருக்கும். டெசெம்லினியேட்டாவுக்குத் தாறுமாறாக இருக்கும்!

இரண்டு: தொடையைப் பாருங்கள். கறுப்புப் பொட்டு இருந்தால் ஜங்க்டா!

மூன்று: புழுவின் பக்கவாட்டைப் பாருங்கள். இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசைக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் டெசெம்லினியேட்டா. ஒவ்வொரு வரிசைதான் என்றால் ஜங்க்டா!

ஒரு பொட்டு, ஒரு குழி, ஒரு வரிசை. குற்றவாளிக்கும் அப்பாவிக்கும் நடுவே இவ்வளவுதான் இடைவெளி!

பதினொரு கோட்டுக்காரன்! கோடே இல்லாதவன்!

பத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தீர்களா? இதே பேரினத்தில் 'அன்டெசிம்லினியேட்டா' என்று ஒரு வண்டு உண்டு. அந்தப் பெயருக்குப் பொருள் பதினொரு கோடு! ஒரு கோடு கூடியதும் தனிச் சிற்றினம்! இன்னொரு பக்கம் 'ஹால்டெமானி'. அதற்குக் கோடே கிடையாது. உடம்பு முழுக்கக் கரும்பச்சையும் நீலமும் கலந்த உலோகப் பளபளப்பு! முதுகை மட்டும் பார்த்தால் பத்துக் கோட்டுக்காரனின் தம்பி என்று யாராவது சொல்வார்களா? கொம்பையும் பாதத்தையும் நகத்தையும் பார்த்தவர்களே சொல்வார்கள்!

நகத்தைப் பார், பேரினத்தைச் சொல்!

'சைகோகிராமா' என்று ஒரு பக்கத்து வீட்டுப் பேரினம். அதன் முதுகிலும் நீளநீளக் கோடுகள்தான். எப்படிப் பிரிப்பது? பாத நுனியில் இருக்கும் இரண்டு நகங்களைப் பார்க்க வேண்டும்! சைகோகிராமாவுக்கு அவை அடியில் ஒட்டியிருக்கும், நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி. லெப்டினோடார்சாவுக்கு அடியிலிருந்தே பிரிந்து விலகியிருக்கும். ஒரு வண்டின் நகம் எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? அதன் அடிப்பாகத்தைப் பார்த்துப் பேரினத்தையே சொல்கிறார்கள்!

அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நம்மூரில்!

சைகோகிராமாவை நீங்களே பார்த்திருக்கலாம், தெரியுமா? தரிசு நிலமெல்லாம் வெள்ளைப் பூப் பூத்து, தும்மலும் அரிப்பும் கொடுக்கும் பார்த்தீனியம் களையை ஒழிக்க மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்தார்கள். 1984-இல் பெங்களூரில் அது திறந்த வெளியில் விடப்பட்டது. அதுதான் 'சைகோகிராமா பைகலரேட்டா'! கொஞ்ச நாளில் சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று புகார் எழுந்து பெரிய விவாதமே நடந்தது! மழைக்காலத்தில் ஓட்டையும் ஒடிசலுமாய் நிற்கும் பார்த்தீனியம் செடியைக் கண்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள். லெப்டினோடார்சாவின் பங்காளி உட்கார்ந்திருக்கும்!

உருளையையே பார்க்காத உருளை வண்டு!

இதுதான் உச்சக்கட்டம்! உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. வண்டின் தாயகம் மெக்சிகோ. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை! வண்டு தின்றுகொண்டிருந்தது ஒரு முள் செடியை. நம்மூர்க் கண்டங்கத்திரிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் அமெரிக்க நடுநிலத்துக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுபோனார்கள். அங்கே ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த வண்டு அதை ஒரு கடி கடித்துப் பார்த்தது. அவ்வளவுதான்! 1859-இல் நெப்ராஸ்காவின் வயல்கள் காலி!

15 ஆண்டில் கடற்கரை!

1859-இல் நெப்ராஸ்கா. 1874-இல் அட்லாண்டிக் கடற்கரை! ரயிலில் ஏறியும், காற்றில் பறந்தும், வயல் வயலாக நடந்தும் சராசரியாக ஆண்டுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் முன்னேறியது! 1922-இல் பிரான்சின் போர்டோ பகுதியில் நிலையாகக் காலூன்றியது. அங்கிருந்து கிழக்கே, கிழக்கே என்று போய் 1993-இல் சீனாவின் சிஞ்சியாங் வரை எட்டிவிட்டது! மெக்சிகோ முள் செடி எங்கே, சீனா எங்கே!

ஒரு புழு, இரண்டு தீப்பெட்டி!

ஒரு தாய் வண்டு வாழ்நாளில் எத்தனை முட்டை இடும்? 300 முதல் 800 வரை! இலையின் அடியில் மஞ்சள் முத்துகளைக் கொத்துக் கொத்தாக அடுக்கியது போல இடும். பொரிந்து வரும் புழு, நான்கு பருவம் வளர்ந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போவதற்குள் சுமார் 40 சதுர சென்டிமீட்டர் இலையைத் தின்றுவிடும். ஏறக்குறைய இரண்டு தீப்பெட்டிகளின் மேல்பரப்பு! அதில் பெரும்பகுதி கடைசிப் பருவத்தில் மட்டும்! வளர்ந்த வண்டோ நாளொன்றுக்கு 10 சதுர சென்டிமீட்டர் வரை அரித்துத் தள்ளும். பசி முற்றினால் பக்கத்து முட்டையையும் விடாது. உடன்பிறப்பு என்றும் பார்க்காது!

சதையைக் கரைத்து, மறுபடி கட்டும்!

பனிக்காலம் வந்தால் வண்டு மண்ணுக்குள் புதைந்துவிடும். அப்போது என்ன செய்யும் தெரியுமா? 'இனிப் பறக்கப் போவதில்லையே' என்று பறக்கும் தசைகளைத் தானே சுருக்கிவிடும்! வசந்தம் வந்ததும் மறுபடி கட்டிக்கொள்ளும்! ஜிம்முக்குப் போகாமலே! சில வண்டுகள் ஒரு குளிர்காலம் போதாதென்று இரண்டு குளிர்காலம்கூடத் தூங்கும். இலையுதிர்காலத்திலேயே இணை சேர்ந்த பெண் வண்டு, விந்தைச் சேமித்து வைத்திருந்து வசந்தத்தில் முட்டையிடும். ஒரே ஒரு பெண் வண்டு போதும், ஒரு வயலைப் பிடிக்க!

சுவருக்கு அடிக்கும் பச்சை, வண்டுக்கு விஷம்!

1860-களில் இந்த வண்டைக் கொல்ல எதைத் தூவினார்கள் தெரியுமா? 'பாரிஸ் பச்சை' என்னும் பெயின்ட் நிறமியை! செம்பும் ஆர்சனிக்கும் கலந்த கொடிய பச்சை. மனிதர் உண்ணும் பயிரில் பெரிய அளவில் பூச்சிக்கொல்லி தூவும் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதே இந்தப் பத்துக் கோட்டு வண்டுதான்!

50 விஷம் குடித்தும் சாகாதவன்!

பிறகு டிடிடி வந்தது. 'தீர்ந்தது கதை' என்றார்கள். 1952-க்குள் வண்டு டிடிடியைத் தண்ணீர் போலக் குடிக்கப் பழகிவிட்டது! இன்றுவரை 50-க்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லிகளை ஏதாவது ஓரிடத்தில் இது ஏப்பம் விட்டிருக்கிறது! எப்படி? உருளை, கத்திரி, தக்காளிக் குடும்பத்துச் செடிகளில் இயற்கையாகவே நஞ்சு உண்டு. அந்த நஞ்சைத் தின்றே பழகிய பரம்பரைக்கு நாம் தெளிப்பது ஊறுகாய்!

ஒரு வண்டுக்காக ஒரு சட்டம்!

1877-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் 'அழிவுப் பூச்சிகள் சட்டம்' கொண்டுவந்தது. எதற்காக? முக்கியமாக இந்த ஒரு வண்டுக்காக! 1950-இல் கிழக்கு ஜெர்மனி அரசு, அமெரிக்க விமானங்கள்தான் வண்டைக் கொட்டுகின்றன என்று சுவரொட்டி ஒட்டியது. பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பி வண்டு பொறுக்க வைத்தது! ஹங்கேரியிலோ 1947-இல் வண்டு முதன்முதலாகத் தென்பட்ட ஹெடெர்வார் என்ற ஊரில், அதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்! எதிரிக்கும் சிலை!

பதினொன்றின் எதிரி, பத்துக்கு வைத்தியம்!

பதினொரு கோட்டுக்காரனை மறந்துவிடவில்லையே? கொலம்பியாவில் அதன் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் ஒரு குட்டிக் குளவியைக் கண்டுபிடித்தார்கள். உடனே அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து பத்துக் கோட்டுக்காரன் மேல் ஏவினார்கள். பலித்தது! ஆனால் பாவம், வெப்பநாட்டுக் குளவி. அமெரிக்கக் குளிரில் பிழைக்கவில்லை. ஆண்டுதோறும் புதிதாக வளர்த்து விட வேண்டியிருந்தது! வகைப்பாடு வெறும் பெயர்ப் பட்டியல் என்று யார் சொன்னது? உறவுமுறை தெரிந்ததால் அல்லவா வைத்தியம் கிடைத்தது!

மரபணுவுக்கே பூட்டு!

2018-இல் இந்த வண்டின் மரபணுத் தொகுப்பையே படித்து வெளியிட்டார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒரு புதுவகைத் தெளிப்பு மருந்துக்கு அனுமதி தந்தது. அது நரம்பைத் தாக்கும் விஷம் இல்லை. வண்டின் உடம்பில் ஒரு குறிப்பிட்ட மரபணு வேலை செய்ய விடாமல் தடுக்கும் ஆர்.என்.ஏ! வயலில் தெளிக்கும் ஆர்.என்.ஏ மருந்துகளில் இதுவே முதலாவது! பெயின்டில் தொடங்கி ஆர்.என்.ஏ வரை வந்தாயிற்று. வண்டு இன்னும் களத்தில் நிற்கிறது!

அம்பில் ஒரு சொந்தக்காரன்!

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள கலஹாரியில் வாழும் சான் மக்கள் அம்பில் எதைத் தடவுகிறார்கள் தெரியுமா? 'டையம்ஃபிடியா' என்ற இலை வண்டின் புழுவிலிருந்து எடுக்கும் நஞ்சை! பெரிய மானையும் சாய்த்துவிடும்! லெப்டினோடார்சாவும் சளைத்ததில்லை. அதன் ரத்தத்தில் 'லெப்டினோடார்சின்' என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. நரம்பு எப்படிச் செய்தி கடத்துகிறது என்று ஆராய விஞ்ஞானிகளுக்கு அது உதவியிருக்கிறது!

கடைசியாக, நீங்கள் எண்ணுங்கள்!

இந்தப் பத்துக் கோட்டு வண்டு இந்தியாவில் இதுவரை குடியேறவில்லை. நீலகிரி உருளைக்கும் நம் கத்திரிக்கும் அது பெரிய நிம்மதி! அதனால் தோட்டத்தில் கோடு போட்ட வண்டு எதைக் கண்டாலும் பதறி நசுக்கிவிடாதீர்கள். அது பார்த்தீனியத்தைத் தின்னும் நண்பனாகக்கூட இருக்கலாம்! கொம்பில் 11 துண்டு, பாதத்தில் தெரிவது 4, ஒளிந்திருப்பது 1, முதுகில் கோடு எத்தனை, நகம் ஒட்டியதா பிரிந்ததா? வீட்டில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் போதும். இன்றைக்கே பயறு டப்பாவிலிருந்து ஒரு வண்டை எடுத்துப் பாதத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு என்று வந்தால் மறுபடியும் எண்ணுங்கள்!